மாட்டுக் கொட்டகையைக் குதிரை லாயமாக்கலாமா?

கேள்வி இதுதான்: பொள்ளாச்சிக்குத் தெற்கே ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு. அதற்குள் 30 அடிக்கு 20 அடியில், தகரம் போட்ட பழைய மாட்டுக் கொட்டகை ஒன்று காலியாக நிற்கிறது. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போய் இரண்டு மார்வாரிக் குதிரைகள் (காது உள்நோக்கி வளைந்த ராஜஸ்தான் இனம்) பிடித்து வரலாம் என்று எண்ணம். அந்தக் கொட்டகையே போதுமா, லாயம் தனியாகக் கட்ட வேண்டுமா, கட்டினால் அன்றாடம் எப்படி நடத்துவது?

இடமும் தூண்களும் உதவும். கூரை, தரை, தடுப்பு மூன்றையும் மாற்றித்தான் ஆக வேண்டும். அந்த வேலையெல்லாம் முடிந்த பிறகு சந்தைக்குப் போங்கள். "முதலில் வாங்கிவிடலாம், கொஞ்ச நாளைக்குப் புளியமரத்தடியில் கட்டிக்கொள்ளலாம்" என்று ஆரம்பித்தவர்கள் அதே மரத்தடியில் ஒரு வருடம் ஓட்டியதைப் பார்த்திருக்கிறேன். நானும் உடுமலைப் பக்கம் பல வருடமாகக் குதிரை வைத்திருப்பவன்தான். உங்கள் காற்றும் வெயிலும் எனக்குப் பழக்கமானவை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மாட்டுக்கும் குதிரைக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று நம் ஊரில் கேட்பார்கள். மாடு தீனி தின்றுவிட்டு எங்கேயும் படுத்து அசைபோடும். குதிரை அப்படிப் படுக்காது. அது நின்றபடியே தூங்கும் என்று எல்லோரும் சொல்வது பாதிதான் சரி. கால் மூட்டைப் பூட்டிக்கொண்டு நின்ற இடத்தில் கோழித்தூக்கம் போடும். ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தே ஆக வேண்டும். ஒரு நாளில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் படுத்தால் அதற்குப் போதும். ஆனால் தரை வழுக்கினாலோ, இடம் குறுகலாக இருந்தாலோ, சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தாலோ, பக்கத்தில் இன்னொரு குதிரை இல்லாமல் பயந்தாலோ அந்த அரை மணி நேரமும் படுக்காது. நாள்கணக்கில் படுக்காத குதிரை ஒரு நாள் நின்ற நிலையிலேயே கண் சொருகி, முன்னங்கால் மடங்கிச் சரியும். முன்னங்கால் கணுக்களின் முன்பக்கத்தில் ஆறாத சிராய்ப்பு தெரிந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவேன்.

அதனால் எந்த லாயத்துக்குப் போனாலும் காலையில் சுத்தம் செய்வதற்கு முன்னால் போய்விடுவேன். குதிரையின் விலாவிலும் தொடையிலும் வைக்கோல் துணுக்கு ஒட்டியிருக்கிறதா, வாலில் மரச்சீவல் சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் ராத்திரி படுத்திருக்கிறது. கீழே நான் சொல்லப்போகும் அளவுகள் பெரும்பாலும் அந்த ஒரு துணுக்குக்காகத்தான்.

சரி, இடத்திலிருந்து தொடங்கலாம். கொட்டகைக்கு மேலே தென்னை சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நம் பக்கத்து லாயங்களில் யாரும் யோசிக்காத ஆபத்து இது. முற்றின தேங்காய் ஒன்று நடுராத்திரியில் தகரத்தில் விழுந்தால் உள்ளே இருக்கும் குதிரை சுவரில் மோதிக்கொள்ளும். வெளியே கட்டியிருக்கும்போது தலையிலேயே விழுந்தால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மட்டை விழும் தூரத்துக்குள் இருக்கும் மரங்களை எடுத்துவிடுங்கள். நிழலுக்கு வேம்பும் புங்கனும் வையுங்கள். தோப்பு ஓரத்தில் அழகுக்காக அரளி வைத்திருந்தால் அதையும் வேரோடு பிடுங்க வேண்டும். ஒரு கைப்பிடி அரளி இலை, காய்ந்ததானாலும் சரி, ஒரு குதிரையைக் கொல்லப் போதும். வெட்டிப்போட்ட கிளை தீனியோடு கலந்துவிடுவதுதான் பெரும்பாலும் நடப்பது.

கட்டடத்தின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருப்பது நல்லது. வெயில் படும் இரண்டு பக்கமும் குறுகலாகிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று லாயத்தின் நீளத்துக்கு ஓடும். உங்கள் 30 அடி அந்த வாட்டத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அந்த அளவே உங்களுக்குச் சரியாகவும் வருகிறது. ஒரு குதிரைக்கு 12 அடிக்கு 12 அடி அறை வேண்டும். இரண்டு அறைக்கு 24 அடி போக, மிச்சமுள்ள 6 அடிக்கு 12 அடியில் சேணமும் தவிட்டு டிரம்மும் வைக்க ஓர் அறை. முன்னால் 8 அடி அகலத்துக்கு வராந்தா. ஒரே வரிசை, முன்பக்கம் திறந்தவெளி என்பதால் 8 அடி போதும். எதிரெதிர் இரண்டு வரிசை கட்டினால் நடைபாதை 12 அடி தேவைப்படும். குதிரையை நடத்திக்கொண்டு போகும்போது இன்னொன்று கழுத்தை நீட்டும், அல்லவா? அறைகள் வடக்குப் பார்த்து இருந்தால் மதிய வெயில் உள்ளே வராது. பின்னால் சினைக்குதிரை வைக்கும் யோசனை இருந்தால் குட்டி போட 12 அடிக்கு 16 அடியாவது வேண்டும் என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நடுத்தடுப்பைக் கழற்றும்படி செய்துகொண்டால் இரண்டு அறையும் ஒன்றாகிவிடும்.

கூரைதான் உங்களுக்குப் பெரிய செலவு. மாட்டுக் கொட்டகைக் கூரை பெரும்பாலும் ஏழெட்டு அடியில் இருக்கும். மார்வாரி தோளளவிலேயே ஏறக்குறைய ஐந்தடி. தலையைத் தூக்கி உதறினால் எட்டடியைத் தொட்டுவிடும். கூரையின் தாழ்ந்த ஓரமே 10 அடிக்குக் குறையக் கூடாது. முகடு 14 அடி இருக்கட்டும். முகட்டில் நீளத்துக்கு ஓர் இடைவெளி விட்டு, மழை இறங்காதபடி அதன்மேல் சிறு தொப்பிக்கூரை போடுங்கள். சூடான காற்று மேலே ஏறி அந்த வழியாகப் போகும், கீழே குளிர்ந்த காற்று உள்ளே வரும். மின்விசிறி போடுவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும்.

வெறும் தகரம் வேண்டாம். ஒருமுறை நண்பர் ஒருவரின் புது லாயத்தைப் பார்க்கச் சித்திரை மாதம் மதியம் இரண்டு மணிக்குப் போயிருந்தேன். வெளியே நல்ல வெயில். உள்ளே போனால் அதைவிடப் புழுக்கம், தலைக்கு மேல் அடுப்பு எரிகிற மாதிரி. நின்றபடி மூச்சிழுத்தபோது வாடை ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. அப்புறம் குதிரை படுக்கும் இடத்தில் முட்டி போட்டுக் குனிந்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. சிறுநீரிலிருந்து கிளம்பும் அமோனியா தரையை ஒட்டித்தான் அடர்த்தியாக இருக்கும். நம் மூக்கு ஐந்தடி உயரத்தில் இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. படுக்கும் குதிரைக்கும், தீனியை மோந்து தின்னும் குதிரைக்கும் மூக்கு அங்கேதான் இருக்கிறது. அந்த நண்பரின் குதிரை அந்த வருடம் முழுக்க இருமிக்கொண்டே இருந்தது. கூரையை மாற்றி, பின்சுவரின் மேல்பாதியைத் திறந்துவிட்ட பிறகு, மருந்துக்கு அடங்காத இருமல் மெல்லக் குறைந்தது. உங்கள் லாயத்திலும் வாரம் ஒருமுறை முட்டி போட்டுப் பாருங்கள். மூக்கில் உறைத்தால் எங்கேயோ தவறு இருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் பக்கத்துக்கு நான் சொல்வது மங்களூர் ஓடு. கனம் தாங்கும்படி மரமோ இரும்போ போட வேண்டும், உடைந்த ஓட்டை அவ்வப்போது மாற்ற வேண்டும், ஆனாலும் சூடும் மழைச்சத்தமும் குறைவு. பணம் இருந்தால் நடுவில் நுரை வைத்த இரட்டைத் தகடும் நல்லதுதான். தென்னங்கீற்று குளுமைதான், தீ பிடித்தால் நிமிடங்களில் போய்விடும் என்பதால் குதிரை இருக்கும் கூரைக்கு நான் ஒப்ப மாட்டேன். கூரைக்கடியில் பரண் கட்டி வைக்கோல் அடுக்குவதும் வேண்டாம். காற்றையும் அடைக்கும், தூசும் கொட்டும், தீயும் அங்கேதான் பிடிக்கும். கூரை ஓரம் சுவரைத் தாண்டி 4 அடி நீட்டியிருந்தால், பக்கங்களைத் திறந்து வைத்தும் சாரலைச் சமாளித்துவிடலாம். குதிரைக்குக் குளிர்தான் ஆகாது என்று நினைத்து மார்கழியில் படுதா கட்டி மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். 5 முதல் 25 டிகிரி வரை குதிரைக்குச் சுகமான வெப்பநிலை. நம் மார்கழி அதற்குப் பண்டிகை மாதிரி. கட்டிய படுதாவை அவிழ்த்துவிடுங்கள்.

சுவர் 4½ அடி உயரத்துக்குக் கெட்டியான செங்கல் சுவராக, 9 அங்குலக் கனத்தில் இருக்கட்டும். உதைக்கும். அதற்கு மேல் நெடுக்குக் கம்பிகள். இடைவெளி 3 அங்குலத்துக்குள், குளம்பு நுழையாதபடி. கிடைக்கம்பி போட்டால் கால் மாட்டும், கடிக்கவும் பழகும். இரண்டு அறைக்கும் நடுவே மேல்பாதி கம்பியாகவே இருக்கட்டும், ஒன்றையொன்று பார்க்கவும் மோந்து பார்க்கவும் வேண்டும். தனியாக நிற்கும் குதிரை நாளடைவில் மரத்தைக் கடித்துக் காற்றை விழுங்கும், அல்லது கதவருகே நின்று இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருக்கும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் போக்குவது மிகக் கடினம். நீங்கள் இரண்டு வாங்க நினைத்தது நல்ல முடிவு.

கதவு 4 அடி அகலம், 8 அடி உயரம், வெளிப்பக்கம் திறக்க வேண்டும். கதவுக்கடியில் விடும் இடைவெளியில் நானே தவறு செய்து பாடம் கற்றேன். முதல் லாயம் கட்டியபோது, கழுவிவிடும் தண்ணீர் வெளியே போகட்டும் என்று 6 அங்குலம் விட்டிருந்தேன். ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு இரும்பை யாரோ சம்மட்டியால் அடிப்பது போலச் சத்தம். ஓடிப் போனால் என் பெண்குதிரை படுத்துப் புரண்டதில் முன்னங்கால் கதவுக்கடியில் போய், கணு வரை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இழுக்க இழுக்கத் தோல் உரிந்தது. கிரைண்டர் கையில் இருந்தும் சத்தத்துக்கும் பொறிக்கும் பயந்து போட முடியவில்லை. ஒருவர் அதன் தலையைத் தரையோடு மெல்ல அழுத்திப் பிடித்து, கண்ணில் துண்டைப் போட்டுப் பேசிக்கொண்டே இருக்க, நான் ஆக்சா பிளேடால் கீழ்ச்சட்டத்தை அறுத்தேன். நாற்பது நிமிடம் ஆனது. காயம் ஆற இரண்டு மாதம். இப்போது கதவுக்கடியில் இரண்டு விரல் மட்டும்தான் நுழையும். தண்ணீர் போகத் தனிக் குழாய் இருக்கிறது.

புரண்டு படுக்கும்போது சுவரோடு ஒட்டிக் கால் மடங்கி, எழ முடியாமல் மாட்டிக்கொள்வதும் உண்டு. அதற்குத்தான் அறை 12 அடி. அதோடு படுக்கையைச் சுவர் ஓரங்களில் ஓர் அடி உயரத்துக்கு வரப்பு மாதிரி ஏற்றிவிட வேண்டும். அப்படி மாட்டிய குதிரையைக் காலைப் பிடித்து இழுக்கப் போகாதீர்கள், அடுத்த உதை உங்களுக்குத்தான். நீளமான கயிற்றைத் தூரமாயிருந்து காலில் சுற்றிப் போட்டுப் புரட்ட வேண்டும்.

வேலை முடிந்ததும் இன்னொன்று செய்யுங்கள். ஒரு பழைய பருத்தித் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு அறையின் சுவர், கம்பி, கதவு, தாழ்ப்பாள் எல்லாவற்றையும் தரையிலிருந்து எட்டடி உயரம் வரை துடைத்துக்கொண்டே வாருங்கள். துண்டு எங்கே மாட்டிக் கிழிகிறதோ அங்கே தோலும் கிழியும். வெல்டிங் பிசிறு, ஆணித்தலை, கொக்கி எல்லாம் அப்போதுதான் அகப்படும்.

தரைக்கு வருவோம். கடப்பாக்கல்லும் பளபளக்கும் டைல்ஸும் கூடவே கூடாது. ஈரத்தில் லாடம் பட்டால் கண்ணாடி மாதிரி வழுக்கும். உங்கள் கொட்டகையில் ஏற்கெனவே சிமெண்ட் தரை இருக்கும். அதைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, பின்பக்கம் நோக்கி 12 அடிக்கு 2 அங்குலம் மட்டும் சரிவு கொடுத்து, மேலே தடித்த ரப்பர் விரிப்பு போட்டுவிடுங்கள். சரிவு அதிகமானால் குதிரை நாள் முழுக்க ஒரு பக்கம் பாரம் போட்டு நிற்கும். இறுக்கிய செம்மண் தரை காலுக்கு இதைவிட நல்லது. மூத்திரம் ஊறிய இடத்தை மாதாமாதம் தோண்டி மாற்றும் பொறுமை இருந்தால் அதையே சொல்வேன்.

அதற்கு மேல் படுக்கை. பொள்ளாச்சியில் உங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் தென்னை நார்க்கழிவு கிடைக்கும். தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரம் குடிக்கும், வாடையை அடக்கும், அள்ளுவதும் சுலபம். கழுவி உப்பு நீக்கியதை வாங்குங்கள். எலும்பாகக் காய்ந்தால் தூசு பறக்கும், அதனால் லேசாகத் தண்ணீர் தெளித்து வைக்க வேண்டும். ஆறு அங்குலக் கனம் போட்டால் படுக்கும். மரச்சீவலும் நல்லது, ரம்பத்தூள் வேண்டாம், நுரையீரலுக்குள் போகும். நெல் உமியிலும் தூசு அதிகம். கடலைத்தோல் பூஞ்சை பிடிக்கும். வைக்கோல் விரித்தால் தின்றுவிடும், அதைப் பற்றித் தீனியில் சொல்கிறேன்.

வாடை வந்தால் பிளீச்சிங் பவுடர் தூவுகிற பழக்கம் நம் ஊரில் எல்லாக் கொட்டகையிலும் இருக்கிறது. தயவுசெய்து லாயத்தில் செய்யாதீர்கள். அமோனியாவும் அதுவும் சேர்ந்தால் மூச்சுக்குழாயை அரிக்கும் வாயு உண்டாகும். நனைந்த இடத்தை அள்ளிப் போடுவதைத் தவிர வாடைக்கு வேறு மருந்து இல்லை.

தண்ணீரும் தீனியும். 400 கிலோ குதிரை நாளைக்கு 30, 40 லிட்டர் குடிக்கும், கோடையில் 50க்கு மேலும் போகும். தானியங்கித் தொட்டி வசதிதான், ஆனால் எவ்வளவு குடித்தது என்று தெரியாது. நான் அறைக்கு இரண்டு 20 லிட்டர் வாளிகளைக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு மூலையில் மாட்டி வைப்பேன். காலையில் வாளி நிறைந்தபடி இருந்தால் அன்றைக்கு வேறு வேலை ஓடாது, குதிரையைத்தான் கவனிப்பேன். உப்புக்கட்டி எப்போதும் அறையில் இருக்க வேண்டும். வேர்வையில் போகிற உப்பு கொள்ளில் வராது.

தீனியை உயரமான தொட்டியில் வைக்காதீர்கள். குனிந்து தின்னும்போதுதான் மூக்குச்சளி வழிந்து வெளியே வரும், தூசு உள்ளே போகாது. மூலையில் தரையோடு ஒட்டிய வழுவழுப்பான தொட்டி போதும்.

குதிரையின் இரைப்பை உடம்புக்கு மிகச் சிறியது. அதில் அமிலம் இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்கும், தின்றாலும் தின்னாவிட்டாலும். வாந்தியும் எடுக்க முடியாது. மாலை ஐந்து மணிக்குக் கொள்ளு வைத்துவிட்டு ஆள் வீட்டுக்குப் போய், காலை ஆறு மணிக்கு வந்தால் பதின்மூன்று மணி நேரம் வெறும் வயிற்றில் அமிலம் சுரக்கும். இரைப்பைப் புண்ணும் சூலை எனும் கடும் வயிற்றுவலியும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. புல்தான் சாப்பாடு, தானியம் ஊறுகாய் மாதிரி. எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு, அதாவது 400 கிலோ குதிரைக்கு உலர்ந்த கணக்கில் 8 கிலோ தீவனம். நான் 5 கிலோ உலர்புல்லும் 15 முதல் 20 கிலோ பசும்புல்லும் நான்கு வேளையாகப் பிரித்துப் போடுகிறேன். கடைசி வேளை இரவு ஒன்பதரை மணிக்கு. கொள்ளு ஒரு கிலோவுக்குள், வேகவைத்து ஆறவைத்து. நேற்று ஊறவைத்துப் புளித்ததைத் தொடவே வேண்டாம்.

இந்த நாட்டில் குதிரைத்தீனியில் நடந்த பிழை பழையது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல்வழி வந்து இறங்கிய குதிரைகள் ஒரு வருடம் தாங்காமல் சாவதையும், பராமரிக்கத் தெரிந்தவர்களும் லாடம் அடிப்பவர்களும் இங்கே இல்லாததையும், இறைச்சியோடு சோறு வேகவைத்துக் குதிரைக்குக் கொடுப்பதையும் எழுதிவைத்திருக்கிறார். இன்றைக்குச் சோறு போடுவது குறைந்துவிட்டது. அதற்குப் பதிலாக மூன்று தவறுகள் எங்கள் பக்கத்தில் நடக்கின்றன.

ஒன்று, தவிடும் நேப்பியரும். கோ-4 மாதிரி நேப்பியர் ஒட்டுப்புல் மாட்டுக்கு அருமையானது. அதிலிருக்கும் ஆக்சலேட் என்ற உப்பை மாட்டின் வயிறு உடைத்துவிடும், குதிரையின் வயிறு முழுதாக உடைக்காது. புல்லில் உள்ள கால்சியத்தை அந்த ஆக்சலேட் பிடித்துக்கொள்ளும். கூடவே பாஸ்பரஸ் நிறைந்த கோதுமைத் தவிட்டையும் வாளி வாளியாகக் கொடுத்தால் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து முகவெலும்பு இரண்டு பக்கமும் வீங்கும், காரணம் தெரியாத நொண்டல் வரும். காங்கேயம் மாடுகளை வளர்த்த நம் கொழுக்கட்டைப் புல்லிலும் இந்தக் குணம் உண்டு. அதற்காக இவற்றைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. தவிட்டைக் குறைத்து, கால்சியம் நிறைந்த குதிரை மசால் என்ற தீவனப் பயிரைத் தினமும் கலந்து கொடுங்கள். பேரிலேயே குதிரை இருக்கிறது, நாம்தான் அதை ஆட்டுக்கும் முயலுக்கும் போடுகிறோம்.

இரண்டு, கோழித்தீவனம். பல்லடமும் நாமக்கல்லும் பக்கத்தில் இருப்பதால் மிஞ்சின கோழித்தீவன மூட்டை மலிவாகக் கிடைக்கும். கோழிக்கு ரத்தக்கழிச்சல் வராமலிருக்க அதில் மோனென்சின் மாதிரி மருந்து கலந்திருக்கலாம். கோழி தாங்கும் அளவில் பத்தில் ஒரு பங்குகூடக் குதிரை தாங்காது. இதயத் தசையை அழித்துவிடும், முறிவு மருந்து கிடையாது. அந்த மூட்டை லாயத்துக்குள்ளேயே வரக் கூடாது. மாட்டுக்கு வாங்கும் கலப்புத்தீவனத்தையும் இதே சந்தேகத்தோடு பாருங்கள். அரைக்கிற இடம் ஒன்றாக இருந்தால் இதன் தூள் அதில் ஒட்டும்.

மூன்று, நெல் வைக்கோலையே முழுத்தீனியாக்குவது. சத்து குறைவு, குடலில் கட்டிக்கொள்ளும். பச்சைச் சோளப்பயிரில் மேய விடுவதும் வேண்டாம்; சிறுநீர்ப்பை கெட்டு, பின்னங்கால் தள்ளாடும்.

ஒரு குதிரை நாளைக்கு ஏறக்குறைய 20 கிலோ லத்தியும் மூத்திரமும் போடும். இரண்டுக்கும் சேர்த்து வருடத்துக்குப் பதினான்கு டன்னுக்கு மேல். உங்கள் தென்னைக்குக் கொண்டாட்டம். காலையில் முழுச்சுத்தம், அப்புறம் மதியம், மாலை, இரவு மூன்று முறை லத்தி மட்டும் அள்ளுதல். குவியலை லாயத்திலிருந்து நல்ல தூரத்தில், காற்று லாயத்திலிருந்து அந்தப் பக்கம் போகிற திசையில் வையுங்கள். நம் வெயிலில் ஈ முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும் என்பதால், வாரத்துக்கு ஒருமுறை கிளறி மூட வேண்டும். நடுவில் நன்றாகச் சூடேறினால் புழுவும் சாகும், குடற்புழு முட்டையும் சாகும். ஈயை எரிச்சல் என்று மட்டும் நினைக்காதீர்கள். மழைக்குப் பிறகு வரும் பெரிய குதிரை ஈ சர்ரா நோயைப் பரப்பும்: விட்டு விட்டுக் காய்ச்சல், மெலிவு, கால்வீக்கம். ரத்தப் பரிசோதனையில்தான் உறுதியாகும்.

தீவன அறையைப் பற்றி ஒரு வார்த்தை. எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும். தானியத்தை மூடியுள்ள இரும்பு டிரம்மில் வையுங்கள். உலர்புல்லைத் தனிக் கொட்டகையில், லாயத்திலிருந்து 50 அடியாவது தள்ளி அடுக்குங்கள். ஈரமாக அடுக்கிய புல் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். புதிதாக அடுக்கிய போருக்குள் முதல் மூன்று நான்கு வாரம் கையை விட்டுப் பாருங்கள். வயர்கள் எல்லாம் குழாய்க்குள், எட்டாத உயரத்தில். லாயத்துக்குள் பீடி கூடாது, யாராக இருந்தாலும். கதவில் பூட்டுப் போடாதீர்கள். ஒவ்வொரு கதவுக்கும் பக்கத்தில் ஒரு முகக்கயிறு தொங்க வேண்டும், ராத்திரியில் தேடாமல் கை போகிற இடத்தில். தீயிலிருந்து வெளியே கொண்டுவந்த குதிரை பயத்தில் மறுபடி தன் அறைக்கே ஓடும். வெளியே கொண்டுபோய் அடைக்க ஓர் இடம் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

அந்த இடம்தான் மேய்ச்சல் பட்டி. அரை ஏக்கராவது ஒதுக்குங்கள். தினமும் சில மணி நேரம் இரண்டும் சேர்ந்து அவிழ்த்துவிட்டபடி நடக்க, புரள, ஓட வேண்டும். முள்கம்பி வேலி வேண்டவே வேண்டாம், ஓட்டத்தில் நெஞ்சைக் கிழித்துவிடும். நம் கொரங்காட்டு (மானாவாரி மேய்ச்சல் நிலத்து) கிளுவை வேலி அழகுதான், ஆனால் முள் கண்ணில் படும். அதற்கு ஐந்தடி உள்ளே தள்ளி இரும்புக்குழாயோ மரச்சட்டமோ இரண்டு வரிசை போடுங்கள். முன்கால் பின்கால் கட்டி ஒரே இடத்தில் நிறுத்துகிற பழைய வழக்கத்தைச் சிலர் உங்களுக்குச் சொல்வார்கள். அப்படிக் கட்டிய குதிரை எப்படிப் படுக்கும்?

குதிரைக்காரரை அமர்த்தும்போது சம்பளத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். லாயம் அவர் கண்ணில்தான் இருக்கிறது. நல்ல ஆள் காலையில் லத்திக் குவியலை எண்ணுவார். வழக்கமாக எட்டு பத்து போடும் குதிரை இரண்டோடு நின்றால் உங்களை எழுப்புவார். தீனி ஒதுக்குவது, தரையைக் காலால் பறிப்பது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்ப்பது, வேர்த்து விறுவிறுத்துப் புரள்வது எல்லாம் சூலையின் அறிகுறி. உடனே தீனியை எடுத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். போனில் அவர் கேட்கப்போகும் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்: ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, உடல்சூடு 99.5 முதல் 101.5 டிகிரி பாரன்ஹீட். குதிரை நன்றாக இருக்கும் நாளில் ஒரு வாரம் எடுத்துச் சுவரில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு குதிரைக்கும் கொஞ்சம் மாறும். மாட்டு வைத்தியர் எல்லோருக்கும் குதிரை பழக்கம் இருக்காது. உடுமலையிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. குதிரை வருவதற்கு முன்னாலேயே போய்ப் பேசிவிட்டு வாருங்கள். டெட்டனஸ் தடுப்பூசியை விடவே கூடாது, ஆணிக்கீறல் ஒன்றே போதும் குதிரைக்கு. நாய் நடமாடும் தோப்பு என்பதால் ரேபிஸும் போடுங்கள். லாடக்காரரை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்லுங்கள், லாடம் அடிக்காவிட்டாலும் குளம்பைச் சீவ வேண்டும்.

சந்தையிலிருந்து வரும் புதுக் குதிரைகளை முதல் மூன்று வாரம் வேறு எந்தக் குதிரையோடும் சேர்க்காதீர்கள், வாளியும் பிரஷ்ஷும்கூடத் தனி. கிளாண்டர்ஸ் என்ற குதிரைத் தொற்றுநோய் மனிதருக்கும் தொற்றும் என்பதால், வாங்கும்போதே ரத்தப் பரிசோதனைச் சான்று கேளுங்கள். சான்று இல்லாத குதிரையை, எவ்வளவு அழகாகக் காது வளைந்திருந்தாலும், விட்டுவிடுங்கள்.

அப்புறம், வந்த முதல் ராத்திரி லாயத்துக்கு அருகிலேயே கட்டில் போட்டுப் படுங்கள். புது இடம், புது வாடை. தென்னை மட்டை சரசரப்பதே அவற்றுக்குப் புதிது. முதல் இரண்டு மூன்று நாள் படுக்காமல் நின்றுகொண்டே இருந்தால் கவலைப்படாதீர்கள். ஒரு வாரம் தாண்டியும் காலையில் விலாவில் நார்த்துணுக்கு ஒட்டவில்லை என்றால், அறையின் அளவையும் தரையையும் படங்களோடு எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.